கலியபெருமாள் சொன்ன ஊர்

நந்தி எழுந்திரிக்கவில்லை. எழுந்திரிக்கும் என்று நம்பிக்கொண்டு சீனியம்மாள் அருப்புக்கோட்டையில் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு பஸ் ஏறி, மதுரையில் மாறி, தஞ்சாவூரில் மாறி, திருமேல்துறையில் வந்து இறங்கவில்லைதான். கல்மாடு எழுந்து நடக்காது என்கிற அளவுக்காவது அறுபதைத் தாண்டிய பொம்பளைக்குப் புத்தி இருக்கும். இருந்தாலும் அதன் முன்னால் வந்து நின்றபோது கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். சும்மா, ஒரு மரியாதைக்கு. கேட்டுக் கேட்டு அது ஏதோ சம்பந்தி வீட்டு மாடு மாதிரி ஆகிப்போயிருந்தது. பிரதோஷத்தன்றைக்கு நைவேத்தியம் தாமதப்பட்டால் எங்க ஊரு நந்தி எழுந்து, முதுகை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு, மடப்பள்ளி வாசலில் போய் நின்று முறைக்கும் என்பார் அவள் புருஷன் கலியபெருமாள், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. அப்படிப் போகிற போக்கில் ஒருநாள் என் காலை மிதிச்சுப்புடுச்சு, இந்தா சாட்சி என்று இடது கால் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவார். அதில் நகம் இருக்காது. நகம் இல்லாதது மட்டும் நிஜம். மதுரை ஆசுபத்திரியில் கிடந்த நாளில் மற்ற விரல்களுக்கெல்லாம் இவள்தான் நகம் வெட்டிவிட்டாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் வெட்ட ஒன்றும் இல்லாமல் கை அந்தரத்தில் நின்றது, அந்த விரல் பச்சைப்பிள்ளை விரல் போல மொழுமொழுவென்று, உள்ளங்கையில் வைத்தால் எலிக்குஞ்சு மாதிரி வெதுவெதுவென்று. அதை இப்போது நினைக்கக் கூடாது. குனிந்து நந்தியின் பின்னங்கால் குளம்பைத் தடவினாள். நடந்த மாடு என்றால் தேய்ந்திருக்க வேண்டாமா. தேய்மானமே இல்லை, நேற்றுச் செதுக்கினது போல விளிம்பு கையை அறுத்தது. பக்கத்தில் நின்ற அர்ச்சகர், "அம்மா, காதுலதான் சொல்லணும், கால்ல இல்ல" என்றார். "சொல்ல வரல சாமி, கேக்க வந்தேன்" என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விபூதியைக் கையில் போட்டார். குங்குமத் தட்டு அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனது. அதுவும் மாசியிலிருந்து பழகிவிட்டது. சரி, இது போச்சு. போகட்டும், இன்னும் ஊர் பூராவும் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மனுசன் இந்த ஊரைப் பற்றி அளந்துவிட்ட அத்தனை கதைகளில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று, நிஜமாக இருந்துவிட்டால் போதும். ஒன்று நிஜமென்றால் இன்னொன்றும் நிஜமாக இருக்கலாம். அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்தாள்.

ஆட்டோக்காரர் பேர் பன்னீர். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், பின்மண்டையில் முடி கொட்டியிருந்தது, வாயில் வெற்றிலை. பஸ் ஸ்டாண்டிலேயே, ஊர் பூரா சுத்திக் காட்டுறேம்மா என்று ஒப்புக்கொண்டவர். "இதுதாம்மா பழைய பாலம், வெள்ளைக்காரன் கட்டினது, ஒரு கல்லு அசையல பாருங்க" என்று நடுப்பாலத்தில் ஓரங்கட்டினார். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது, ஆடித் தண்ணீர், டீயில் பால் குறைந்தது மாதிரி ஒரு நிறம். அருப்புக்கோட்டைக்காரிக்கு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் பயமும் எரிச்சலும் ஒன்றாக வரும், இத்தனையும் யாரைக் கேட்டு வீணாகப் போகிறது என்று. "தம்பி, இங்க தொப்பி போட்ட முதலை ஒண்ணு இருந்துச்சாமே" என்றாள். பன்னீர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "என்ன போட்ட முதலை?" பாலம் கட்ட வந்த துரையை முதலை முழுங்கிவிட்டது, தொப்பி மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது, அதைக் கக்கித் தலையில் மாட்டிக்கொண்டு முதலை கரையோரமாகப் போக, சனங்கள் துரைதான் குளிக்கிறார் என்று நினைத்து சலாம் போட்டார்கள், முதலையும் பதிலுக்கு வாலைத் தூக்கிற்று. இதைச் சொல்லும்போது அவுக மெஷினை நிறுத்திவிட்டு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, முதலை இம்மாம் நீளம் என்று கடைக்கு வெளியே ரோடு வரைக்கும் பிடித்துக் காட்டுவார். கால்சட்டைக்கு நீளம் குறைக்க வந்தவன் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்த பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். குடத்தில் தண்ணீர் இல்லாதவர்களுக்குக் காதில் காவேரியை ஊற்றினால் கசக்குமா. சிரிக்கிறதுக்கு ஒரு ஆள் முதலில் வேண்டும், அது சீனியம்மாள். பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே சிரிப்பாள். கல்யாணத்துக்குக்கூட அவர் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. சீனியம்மாளின் அப்பா இவள் காது கேட்கவே கேட்டார், மாப்பிள்ளைக்குச் சொந்தபந்தம் யாருமே இல்லையா என்று. இருக்காங்க மாமா, வெள்ளத்துல படகேறிப் போனவங்க, இன்னும் இறங்க எடம் கிடைக்கல. அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்தவர் அப்புறம் எப்படிக் கேட்பார். "முதலையெல்லாம் கொள்ளிடத்துலதாம்மா, அதுவும் தொப்பியில்லாம" என்றார் பன்னீர். இதுவும் போச்சு.

அடுத்தது களஞ்சியம். அந்தக் காலத்து ராசாக்கள் நெல் கொட்டி வைக்கக் கட்டினது, வட்டமாக எழும்பி உச்சியில் கூம்பிப்போன செங்கல் கட்டடம், கரையான் புற்றுக்குக் கதவு வைத்தது மாதிரி. உள்ளே வவ்வால் நாற்றமும் பழைய உமியின் வாசனையும். இதைப் பற்றி அவுக சொன்னது வேறு மாதிரிக் கதை. உள்ளே நின்று ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறி, திரும்பி வர மறுநாள் ஆகிவிடும். நான் எங்கப்பாவை இங்கே நின்று கூப்பிட்டேன், அது திரும்பி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துட்டாரு, வெறும் சத்தம் மட்டும் வந்து வீட்டு வாசலில் நின்னுச்சு. இதற்கும் சிரித்தோமே. எதற்குச் சிரித்தோம். பன்னீர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். சீனியம்மாள் நடுவில் போய் நின்றாள். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிடுவது. கட்டின நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் ஆசுபத்திரிச் சீட்டு எழுதுகிற இடத்திலும் மகளைத்தான் சொல்லச் சொல்வாள். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும். இனிமேல் எதைக் குறைக்க. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கலியபெருமாளு" என்றாள். சொன்ன மாத்திரத்தில், மூச்சு விடுவதற்குள், கலியபெருமாளு, பெருமாளு, மாளு என்று நாலாபக்கமும் இருந்து தலையில் வந்து விழுந்தது. நாக்கில் ஏதோ கடித்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது, மகள் பூங்கொடி. "அம்மா, இருக்கன்குடி கோயில்ல கூட்டமா? எங்க நிக்கிற?" "வரிசைல நிக்கேன்." "அங்க என்ன இப்பிடி எதிரொலிக்குது?" "மண்டபத்துல நிக்கேன்டி, வச்சிரு." பொய். எவ்வளவு சுளுவாக வருகிறது, எச்சில் மாதிரி ஊறுகிறது. அந்த மனுசனோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்ததற்கு இதாவது ஒட்டவேண்டாமா. மகளிடம் சொல்லியிருக்கலாம், உங்கய்யா ஊருக்குப் போறேன்டி என்று. எதுக்கு என்று கேட்பாள். எதுக்கு என்று சொல்ல முடியாது. கடைசி நாள் சாயங்காலம், மூக்கில் குழாய், காலடியில் சிவப்பு ஆசுபத்திரிப் போர்வை, பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்த வாசனை. அவர் இவள் மணிக்கட்டைப் பிடித்தார். சீனி, உங்கூட இருந்த நாள்ல ஒரு நாளும் எனக்குக் கசக்கல. இவ்வளவுதான் சொன்னார். சொன்னவரிடம் இவள் என்ன சொன்னாள். வாய்ப்பழக்கம். எந்தக் கதையை அவர் முடித்தாலும் கடைசியில் இவள் சொல்கிற அதே வார்த்தை. புளுகாதீக. அவர் வழக்கம்போலச் சிரித்தார், குழாய்க்குள் புஸ்ஸென்று காற்றுப் போனது, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடிந்து அவள் காப்பி வாங்கி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவர் சொன்னதும் புளுகுதானா. இத்தனை வருஷமாக ஒன்றையும் நிஜமாகச் சொல்லாத ஆள், அதை மட்டும் நிஜமாகவா சொல்லியிருக்கப் போகிறார். வாயே அப்படிப் பழகின ஆள். களஞ்சியம் இப்போது சும்மா இருந்தது. எதிரொலி மறுநாள் வரும் என்றாரே, உடனே வந்துவிட்டதே. இதுவும் போச்சு.

கொல்லுப்பட்டறைத் தெரு என்று ஒன்று உண்டா என்று பன்னீரிடம் கேட்டாள். அங்கேதான் தன் வீடு என்று அவுக சொல்வார், கொல்லுப்பட்டறையும் வீடும் ஒன்றுதான், இரும்பு காய்ச்சிய உலையிலேயே சோறும் வெந்துவிடும், அதனால்தான் நான் இவ்வளவு கெட்டி. அப்படி ஒரு தெரு இருந்தது. சீனியம்மாளுக்கு நெஞ்சு ஒரு தடவை எம்பிக் குதித்தது. ஆனால் தெரு இருப்பது கதையாகுமா, எந்த ஊரில் கொல்லுப்பட்டறைத் தெரு இல்லை. இரண்டு பக்கமும் கல்யாண மண்டபமும் செல்போன் கடையும் ஸ்கேன் சென்டரும். உலை இல்லை, கரி இல்லை. ஒரு கடையில் கேட்டாள், கடைக்காரப் பையன் தனக்கு விவரம் தெரிந்து பட்டறையெல்லாம் இல்லை பாட்டி என்றான். மண்டபத்துக் காவலாளி, அவரே வெளியூர். கேட்கக் கேட்க அவளுக்கே தான் யாரைத் தேடுகிறோம் என்பது குழம்பிற்று, செத்தவரின் சொந்தக்காரரையா, இல்லை, அவர் இங்கே பிறந்தார் என்று யாராவது ஒரு வாய் சொல்லக் கேட்பதையா. பன்னீருக்கு இரக்கம் வந்துவிட்டது. டிகிரி காப்பி வாங்கிக் கொடுத்தார், பித்தளை டபராவில் நுரை ததும்ப. "என்னம்மா, எங்க போனாலும் ஒரு கதை கேக்குறீங்க, ஒண்ணும் அமைய மாட்டேங்குது. கடைசியா படித்துறைக்குப் போவோம். அங்க ஒரு அம்மன் உண்டு, புதுசாக் கல்யாணம் கட்டினதுங்க எல்லாம் வந்து கும்புடும்." படித்துறை என்றதும் அவள் பாதிக் காப்பியோடு டபராவைக் கீழே வைத்தாள். அங்கே ஒரு கதை கிடந்தது. காலையிலிருந்து அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து வந்துகொண்டிருந்தாள், இருட்டில் படுத்திருக்கிற நாயைத் தாண்டுவது போல. அது அபயாம்பாள் கதை. உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கல்யாணம் ஆச்சுடி. கடையில் கூட்டம் சேர்ந்தால் அதைத்தான் கடைசியில் எடுப்பார். பேரு அபயாம்பா, இடதுகைக்காரி. பதினெட்டாம் பெருக்கன்னிக்குக் கல்யாண மாலையை ஆத்துல விடப் போனோம். காவேரி மாலையை வாங்கிக்கிச்சு. அது போதாதுன்னு பொண்ணையும் வாங்கிக்கிச்சு. நான் கரையில நின்னு, ஆத்தா, நான் குடுத்தது மாலை மட்டும்தான், மிச்சத்தைத் திருப்பிக் குடுன்னேன். ஒரு கெண்டை மீனைத் தூக்கி வீசிச்சு. அதை வறுத்துத் தின்னுட்டுத்தான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கடையே குலுங்கும். சீனியம்மாள் ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பாள், மீனுக்கு உப்பு சரியா இருந்துச்சாக்கும். அவர் யோசிக்கிறது போல மேலே பார்ப்பார். கொஞ்சம் கூடத்தான். மறுபடி சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் அவள் அதைக் கேட்பாள், ஒவ்வொரு தடவையும் அவர் அதே பதிலைச் சொல்வார், நாடகத்தில் பாடம் பண்ணினது மாதிரி. அவுக கெண்டை மீன் தின்று அவள் பார்த்ததில்லை. முள்ளுக்குப் பயம் என்று நினைத்திருந்தாள். குற்றாலம் போனபோதும் அருவிப் பக்கம் வராமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார், சளி பிடிக்கும் என்றார்.

படித்துறையில் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பெருக்குக்கு இன்னும் நாள் இருந்ததால் கூட்டமில்லை, துணி துவைக்கிற சத்தம் மட்டும். அரசமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதற்குச் சிவப்புச் சேலை சுற்றி, மஞ்சள் பூசி, கழுத்தில் வாடின மாலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக. பக்கத்தில் பூவும், காவேரிக்குப் படைக்கிற காதோலை கருகமணியும் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "ராஜாமணியக்கா, அருப்புக்கோட்டையிலேர்ந்து வந்திருக்காங்க, அம்மன் கதையைச் சொல்லு" என்றார் பன்னீர். கல்லுக்கு முன்னால், பெருக்கு வரைக்கும் காத்திராமல் மாலையை விட வந்துவிட்டவளாக, புதுத் தாலியும் புதுச் சேலையுமாக ஒரு பெண் நின்றாள். அவளை ஒட்டிக் கட்டை விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு மாப்பிள்ளைப் பையன். வயதான சுமங்கலி ஒருத்தி மட்டும் மாலையை வாங்கிக்கொண்டு படியிறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று அதை ஆற்றில் விட்டாள். "இந்தத் துறையில மட்டும் பொண்ணு தண்ணியில கால் வைக்கக் கூடாதுக்கா" என்றாள் ராஜாமணி, பூவைத் தொடுத்துக்கொண்டே. "மத்த துறையில எல்லாம் மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து இறங்கும். இங்க அப்படி இறங்கப் போயித்தானே இவ போனா. காதோலை கருகமணிகூட ரெண்டு வைக்கணும், ஒண்ணு காவேரிக்கு, ஒண்ணு அபயாம்பாளுக்கு." சீனியம்மாள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மரத்தின் பட்டையில் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தார்கள், விரலில் ஒட்டிற்று, அதைச் சேலையில் துடைத்தாள், மறுபடி பிடித்தாள், மறுபடி ஒட்டிற்று. "யாருக்கு?" "அபயாம்பாள்க்கா, அம்மன் பேரு. மனுஷியா இருந்தவதான். எங்க மாமியா பார்த்திருக்காங்க, செவப்பா ஒல்லியா இருப்பாளாம், பீச்சாங்கையாலதான் கோலம் போடுவாளாம், அதனால இன்னிக்கும் இவளுக்கு இடது கையாலதான் பூ சாத்துறது. கொல்லுப்பட்டறை வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. மாலையை விடறேன்னு ஒரு படி கூட இறங்கினா, அவ்வளவுதான்." பீச்சாங்கை. உப்பு கொஞ்சம் கூடத்தான். கரையில் நின்று அழுதவன் வாயில் எது விழுந்தாலும் உப்புக் கரிக்காமல் எப்படி இருக்கும். வருஷத்துக்கு எத்தனை தடவை சொன்னார், எத்தனை தடவை நான் உப்பு விசாரித்தேன். எல்லாப் புளுகுக்கும் நடுவில் இதை நட்டு வைத்து, யாராவது ஒருத்தி, ஒரு தடவையாவது, சிரிக்காமல் பார்க்கிறாளா என்று பார்த்தாரா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரித்தது நான்தான். நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒன்று நிஜமாக இருந்தால் போதும் என்றுதானே வந்தாய், இந்தா, எடுத்துக்கொள்.

"புருஷன்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ராஜாமணி பூவைக் கீழே வைத்தாள், இதுதான் அவள் ஆசையாகச் சொல்கிற இடம் என்பது தெரிந்தது. புதுப்பெண்ணும் திரும்பி நின்றாள். "அதாங்கக்கா விசேஷம். அந்தப் புள்ள பேரு கலியபெருமாளு. ராப்பகலா இந்தப் படியிலேயே கிடந்துச்சாம், அன்ன ஆகாரம் கிடையாது. ஒருநாள் எந்திரிச்சு வடக்கப் பார்த்து நடந்ததுதான். காசியிலயோ எங்கயோ சாமியாரா இருக்காராம். இன்னொரு பொம்பளையை ஏறெடுத்துப் பார்க்கலையாம். பொண்ணுங்க அதைத்தானே வேண்டிக்கிறது, உம் புருஷன் மாதிரி எனக்கும் அமையணும்னு." புதுப்பெண் வெட்கப்பட்டு மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தாள், அவன் இன்னும் ஆழமாக மண்ணைக் கிளறினான். சீனியம்மாளுக்குத் தலைக்குள் எல்லாம் ஒன்றாக வந்து முட்டிற்று, ஒரே பாய், காஜா எடுத்த சட்டைகள், பூங்கொடி பிறந்த அன்றைக்கு அவுக கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தது, நகமில்லாத சுண்டுவிரல். இந்த ஊரில் அதெல்லாம் நடக்கவேயில்லை. இங்கே அவள் இல்லை. பேசாமல் போயிருக்கலாம், கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறியிருக்கலாம், ஆனால் வாய் காத்திருக்கவில்லை. "அவரு சாமியாராப் போகல. மறுபடியும் கட்டிக்கிட்டாரு." ராஜாமணி நிமிர்ந்தாள். "யாரு?" "கலியபெருமாளு. அருப்புக்கோட்டையில டெய்லர் கடை. ஒரு பொண்ணு இருக்கா. இந்த மாசியிலதான் தவறிட்டாரு." "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "ரெண்டாந்தாரம் நாந்தான்." துணி துவைக்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று. பிறகு புதுப்பெண்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. ராஜாமணி தொடையில் தட்டிச் சிரித்தாள். "யக்கா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். புருஷன் பேரை இப்படிப் பட்டுன்னு போட்டு உடைக்கிற பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்கா?" பன்னீர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வந்ததுலேர்ந்து அம்மா இப்படித்தான், எடத்துக்கு ஒண்ணா விடுறாங்க. நானும் என்னமோன்னு நெனைச்சேன், சரியான குறும்புக்காரி." "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் ராஜாமணி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, "அந்த ரெண்டாம் பொண்டாட்டி மேல அந்த மனுஷனுக்கு ஆசை இருந்துச்சாமா, அதையும் சொல்லிருங்க." எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள், மண்ணைக் கிளறுவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளைகூட. சீனியம்மாள் யோசிக்கிறது போல அரசமரத்தின் மேலே பார்த்தாள். "ஒரு நாளும் கசக்கலைன்னாரு" என்றாள். படித்துறையே குலுங்கிற்று. அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்கிறவரை யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும், மற்றவர்கள் ஓய்ந்துவிடப் போகிறார்களே என்று, இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரித்தாள்.